மூன்று வரி இடம்

பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியபோது ஜூலி மடியிலிருந்த கவரை நான்காவது முறையாகத் தடவிப் பார்த்தாள்.

தாளை மடிக்காமல் வைக்கிற பெரிய வெள்ளைக் கவர். ஒட்டிய இடத்தின் குறுக்கே தில்லைநாதன் சாரின் பச்சை மைக் கையெழுத்து, அதன் மேல் துறை முத்திரை. பிரித்தால் செல்லாது.

உள்ளே அவளுடைய பரிந்துரைக் கடிதம் இருந்தது. புனேவில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கடலூரில் கூரியர் கடை ஆறு மணி வரைதான். இன்று அனுப்பாவிட்டால் கடைசித் தேதி போய்விடும்.

சிதம்பரத்தில் அவள் படித்த கல்லூரியில் யார் போய்க் கடிதம் கேட்டாலும் சார் சொல்வது ஒன்றுதான்.

“நீயே அடிச்சு எடுத்துட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுடறேன்.”

அதனால் போன வருடத்து அருண்குமாரின் கடிதம்தான் எல்லோருக்கும் கடிதம். பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். புஷ்பவள்ளி அவசரத்தில் அதையும் பாதிதான் மாற்றினாள். அவள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் அருண்குமாரே மேன்மேலும் உயர்ந்துகொண்டிருந்தான். சார் அதிலும் கையெழுத்துப் போட்டார். வகுப்பே ஒரு வாரம் சிரித்தது.

ஜூலியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அவள் யாரையும் பார்த்து எழுதவில்லை. மதிப்பெண், புராஜெக்ட், ஆய்வகத்தில் செய்தது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொந்தமாக எழுதினாள். ‘இந்த மாணவி எப்படிப்பட்டவள்’ என்கிற இடம் வந்ததும் கை ஓடவில்லை. தன் முதுகைத் தானே எப்படித் தட்டிக்கொள்வது? அங்கே மூன்று வரி இடம் விட்டாள். அதன் மேல் சின்ன மஞ்சள் சீட்டு ஒன்றை ஒட்டி, ‘சார், இதை மட்டும் நீங்கள் எழுதுங்கள்’ என்று எழுதினாள்.

அவருக்கு அவளைத் தெரியும். தெரியாமல் இருக்குமா? இரண்டு வருடமும் முதல் பெஞ்ச். ஒருமுறை அவள் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு ‘ம்’ என்றார். மற்றவர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

அந்த மூன்று வரி அவளுக்கு மட்டும் வேண்டியதில்லை. அம்மா சவரிமேரிக்கும் வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் ரவிக்கை தைத்துத் தைத்தே மகளை எம்.எஸ்சி. வரைக்கும் கொண்டுவந்தவள், புனே என்றதும் பயந்துவிட்டாள். விவரம் தெரிந்த மனிதர் ஒருவர் இவளால் முடியும் என்று சொல்லட்டும், அனுப்புகிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

இன்று சார் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஜூலியை வராந்தாவில் நிற்கச் சொன்னார். ரகசியக் கடிதமாம், மாணவர்கள் பார்க்கக் கூடாதாம். பத்து நிமிடம் கழித்து ஒட்டிய கவரை நீட்டினார். ஒரு வாரம் லீவு என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்று வரிக்குப் பத்து நிமிடம் தாராளம். பஸ் ஏறியதிலிருந்து அவளே அந்த வரிகளை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி என்று போட்டிருப்பாரா? இல்லை, பொறுமைசாலி என்றா? எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆலப்பாக்கம் தாண்டியதும் வெயில் நேராக ஜன்னலுக்கு வந்தது. அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. கவரைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

பார்த்தாள். இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. அம்மாதான். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“வாங்கிட்டியாடி? சாரு என்ன எழுதியிருக்காரு?”

ஜூலி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இந்தப் பொண்ணு எங்க போனாலும் நல்லா வரும், எம் மகளா இருந்தா நானே கொண்டுபோய் விட்டுட்டு வருவேன்னு எழுதியிருக்காரும்மா.”

மெஷின் நின்றது.

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம், அங்கே குளிர் ஜாஸ்தியாமே, ஸ்வெட்டர் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டாள்.

ஜூலி ஏதோ ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிட்டு போனை வைத்தாள். பஸ்ஸில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை.

முதல் தடவை சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கலாம். முகத்தைத் துடைத்துக்கொண்டு கவரை மறுபடியும் வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

தாளின் அடியில் கையெழுத்து தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே சின்னச் சதுரமாக ஒரு நிழல். அவள் ஒட்டிய சீட்டு, ஒட்டிய இடத்திலேயே இருந்தது.