தொப்புள்கொடிக் கடை

ஒரு பிள்ளையின் உயிர் அன்றைக்கு ஒன்பது லட்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, வரி தனி. பிள்ளை பிறந்தபோது சேமித்துவைத்துவிட்டு, பிறகு கட்டணம் கட்ட முடியாதவர்கள் விற்றுவிட்டுப் போன தொப்புள்கொடி ரத்தமெல்லாம் விருதுநகரில் அந்தக் கடையின் குளிர்பெட்டிக்குள் இருந்தது. ரத்தப் புற்றுநோயில் கிடந்த, பருப்பு வியாபாரி பொன்னுலிங்கத்தின் மகள் தேனிலாவுக்குப் பொருந்தியது அதில் ஒரே ஒரு பை. அது ஏறினால்தான் பிழைப்பாள் என்றிருந்தார் டாக்டர்.

"ஆறு," என்றார் பொன்னுலிங்கம்.

கடைக்காரர் சிரித்தார். "அண்ணாச்சி, இது துவரம்பருப்பு இல்ல."

"பருப்புன்னா அள்ளிப் பாத்தாவது வாங்கலாம்வே. ஆறரை. இல்லன்னா நான் வாறேன்."

படி இறங்கினார். முப்பது வருடத்தில் மூன்றாம் படியைத் தாண்ட எந்தக் கடைக்காரரும் அவரை விட்டதில்லை. செருப்பை மெதுவாக மாட்டினார். வாரை இழுத்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

திரும்பி ஏறியபோது, அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, அந்தப் பையை டப்பாவோடு மடியில் அணைத்து உட்கார்ந்திருந்தாள்.

"பதினெட்டு தாறேன் தாயி."

"எம் பையனுக்கும் இதுதான் சேருதாம், அண்ணாச்சி."

அவளுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை. எழுந்து போய்விட்டாள்.

மனைவி போனில் வந்தாள். "கெடச்சுதா?"

அவர் கொண்டுவந்த பணப்பைக்குள் ஒன்பது லட்சமும் ஒரு ரூபாய் குறையாமல் இருந்தது. செலவு, மகள் ஒருத்திதான்.