சிறகுமீனுக்கு மூன்று விரல்

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் சேவியர் வீட்டில் எல்லோரும் சுவர்த்திரைக்கு முன் கூடிவிடுவார்கள். அந்த வாரம் வீட்டில் நடந்ததை வைத்தே திரை ஒரு கார்ட்டூன் படம் பண்ணித் தரும். இந்த வாரம் சிறகு முளைத்த மீன். அதைக் கண்டு மிரண்ட ஊர்க்காரர்கள் கண்ணாடித் தொட்டியில் போட்டு மூடியிருந்தார்கள். "நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்று அது முட்டி முட்டிக் கேட்டது.

அது சேவியரின் மகள் ஜெசிந்தா கேட்ட கேள்வி. அவளுக்குக் கப்பலில் எஞ்சினியர் வேலை கிடைத்திருந்தது. ஆனால் வீட்டார் மூவரும் சம்மதித்தால்தான் வாசற்கதவு அவளுக்குத் திறக்கும். செவ்வாய்க்கிழமை அப்பா, அம்மா, தம்பி மூவருமே மறுத்துவிட்டார்கள்.

"பாவம்லா! ஊர்க்காரனுக்குப் பயம்னா, அதுக்கு இந்த மீனு என்ன பண்ணும்?" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள்.

"அம்மா, அந்த மீன் நாந்தான்."

"ஏட்டி, கொஞ்சம் சும்மா இரி. நல்ல கட்டம்."

மீனை விட்டுவிடலாமா என்று திரை கேட்டது. மூன்று கட்டைவிரல்கள் போட்டி போட்டுக்கொண்டு 'சரி'யை அழுத்தின. மூடி திறந்தது. மீன் கடல்மேல் பறந்தது. தம்பி விசிலடித்தான்; அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதுதான் சமயமென்று ஜெசிந்தா எழுந்துபோய் வாசற்கதவைத் தொட்டாள். ஜெசிந்தாவை விட்டுவிடலாமா என்று கதவு அதே குரலில் கேட்டது.

கண்ணீர் காயாத விரலால் அப்பா 'வேண்டாம்' என்பதை அழுத்தினார்.

"வந்து உக்காரும்மா. மீன் பறக்குத இடத்த இன்னொருக்க போட்டுப் பாப்போம்."