பியானோவின் சுருதி

மான்செஸ்டர் அரங்கில் பகலிலும் விளக்கு எரிகிறது. போர்முனைப் பீரங்கிச் சத்தத்தில் காது கெட்டுத் திரும்பிய ஹெரால்டு, நால்வர் இசைக்குழுவின் முதல் வயலின்காரர், கண்ணை மூடிச் சுருதி சேர்க்கிறார். சுருதி இறங்கித்தான் நிற்கிறது. மற்ற மூவரும் வழக்கம்போல அவருக்குத் தெரியாமல் தங்கள் தந்திகளையும் தளர்த்தி அவரோடு ஒத்துப்போகிறார்கள். இன்று புதிதாக வந்திருக்கும் பியானோக்காரி கட்டையை அழுத்துகிறாள். “என்னம்மா, உன் பொட்டி சுருதி ஏறிக் கெடக்கு?” என்கிறார் ஹெரால்டு. “காலையிலதான் சார் சுருதி பாத்தாங்க.” செல்லோக்கார எர்னஸ்ட் தலைகுனிகிறான். “அப்ப நான்தானா? எவ்ளோ நாளாடா?” “நீங்க திரும்பி வந்ததுலேர்ந்துண்ணே.” “அடப்பாவிகளா, குருடனுக்காகத் தெருவையே திருப்பி வச்சீங்களா?” வயலினை நீட்டுகிறார். எர்னஸ்ட் அதைப் பியானோவோடு சுருதி சேர்த்துத் தருகிறான். ஹெரால்டு ஒரே இழுப்பு இழுத்துப் பார்க்கிறார். “இப்பவும் எனக்குத் தப்பாத்தான்டா கேக்குது,” என்றபடி, வாசித்து முடித்தவரைப்போல வில்லின் முறுக்கைத் தளர்த்துகிறார்.