எடுத்த இடம்

லேப்டாப் திரையில் அந்தப் படத்தைப் பார்த்ததும் சமுத்திரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் தங்கச்சிதான் தம்பி. பாண்டிசெல்வி. வீட்ட விட்டுப் போயி ரெண்டு வருசமாச்சு. அம்மா ஆஸ்பத்திரியில கெடக்கு. மக மொகத்தப் பாக்கணும்னு உசுரப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

ஜோயல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மொட்டை மாடியில் ஒரு பெண் ஈரச் சேலையை உதறுகிறாள். தண்ணீர்த் துளிகள் வெயிலில் சிதறுகின்றன. பின்னால் மலை.

ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் செய்து கொடுப்பது அவன் வேலை. மற்ற ஆசைகள் வரும், போகும். போன வருஷம் கேமரா. அது அலுத்ததும் எழுத்து டிசைன். இப்போது ட்ரோன். கேமரா வைத்திருந்த காலத்தில் எடுத்த படங்களைத் தன் வெப்சைட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிப் போட்டவன், அந்தப் பக்கம் இருப்பதையே மறந்துபோயிருந்தான்.

யாரோ அதைப் பார்த்து வாட்ஸப்பில் அனுப்ப, அது கைமாறித் திருப்பூரில் இருந்த சமுத்திரத்திடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. படத்தின் மூலையில் ஜோயலின் பெயர். வெப்சைட்டில் விலாசம். காலை ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"எங்க வச்சு எடுத்தது?"

"எடுத்து ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி. சட்டுனு சொல்ல முடியல."

"போட்டோவுக்குள்ளயே எடம் பதிஞ்சிருக்குமாமே. பாத்துச் சொல்லுங்க." குரல் பணிவாகத்தான் இருந்தது. ஆனால் நாற்காலியை இழுத்து ஜோயலின் தோளை ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

ஜோயலின் மனைவி ஷெரின் டீ கொண்டுவந்தாள். படத்தை ஒரு பார்வை பார்த்தாள். "வெயில் கண்ணக் கூசுது" என்று மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

ஜோயல் நாலைந்து வரி தட்டினான். மேப் ஒன்று திறந்தது. சிவப்புப் புள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் நின்றது.

"பக்கத்துலதான் அண்ணாச்சி. வாங்க, நானே பைக்ல கூட்டிட்டுப் போறேன்."

புள்ளி காட்டிய தெருவில் பதினொரு மணி வரை அலைந்தார்கள். ஒவ்வொரு கடையிலும் ஜோயலே செல்லை நீட்டிப் படத்தைக் காட்டினான். யாருக்கும் தெரியவில்லை. சமுத்திரத்தின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார். "சுந்தரபாண்டியத்துல இதே சாடையில ஒரு பொம்பளை இருக்கு. மெயின் ரோட்டு மாடி வீடு."

ஜோயலுக்கு வியர்த்துவிட்டது. "நெசமாவா? எம்புட்டு நாளா இருக்கு அது?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்."

"வண்டிய எடு" என்றார் சமுத்திரம். தம்பி என்ற வார்த்தை காணாமல் போயிருந்தது.

சுந்தரபாண்டியத்தில் அந்த வீட்டு மாடியில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி நிற்பதற்குள் சமுத்திரம் குதித்து இறங்கினார். ஜோயல் ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் பின்னால் ஓடுவதற்குள் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார்.

அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நேரே போய் அவள் கொண்டையைப் பிடித்து முகத்தைத் திருப்பினார்.

வேறு யாரோ.

அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஜோயல் நடுவில் நின்று கும்பிட்டான். "ஆள் தெரியாம வந்துட்டாரு, மன்னிச்சுக்கோங்க. தங்கச்சியத் தேடி வந்தவரு. தாயி சாகக் கெடக்கு." எப்படியோ சமாளித்து அவரைக் கீழே இறக்கிக்கொண்டு வருவதற்குள் அவன் சட்டைப் பொத்தான் ரெண்டு அறுந்துபோனது.

நாலு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான்.

"அம்மாவுக்கு என்ன செய்யுது அண்ணாச்சி?"

"யாருக்கு?" என்றவர் ஒரு மடக்குக் குடித்தார். "ஆங்... அப்படியேதான் கெடக்கு."

மதுரை பஸ் வந்து நின்றது. படியில் ஏறிய சமுத்திரம் கம்பியைப் பிடித்தபடி திரும்பினார். "இந்த ஊருப் பக்கந்தான் எங்கயோ இருக்கா. கைக்குச் சிக்கட்டும்."

"நீங்க அலையாதீங்க. கண்ணுல பட்டா மொத போன் உங்களுக்குத்தான்."

பஸ் திரும்பி மறையும் வரை ஜோயல் அங்கேயே நின்றான். பிறகு செல்லை எடுத்து, படங்கள் இருந்த அந்தப் பக்கத்தையே மொத்தமாக அழித்தான்.

ராஜபாளையம் வந்ததும் அவன் தன் வீட்டுக்குள் போகவில்லை. மேற்கு ஜன்னலுக்கு நேரே தெரியும் எதிர்வீட்டு மாடிப்படி ஏறி, உள்பக்கம் தாழிட்டிருந்த கதவைத் தட்டினான்.

"ஷெரின், நான்தான்."

கதவு திறந்தது. ஷெரினுக்குப் பின்னால், காலையிலிருந்து வெளியே தலைகாட்டாத ஒரு பெண் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். ஜோயலுக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"பாண்டிசெல்வியக்கா, உங்க வீட்டுக்காரர் பஸ் ஏறிட்டாரு."