வலைப்பூத் திருடன்

அந்தத் திருடனுக்கு அவள் எழுதும் ஏழாவது மெயில் இது. முதல் ஆறும் சுத்தமான வசவு. இதில் மட்டும் 'ஐயா' என்று ஆரம்பித்திருந்தாள்.

"ஐயாவா? போன மாசம் வரைக்கும் திருட்டுப் பயல்னுதானே சொல்லிட்டிருந்த?" என்றான் கணவன்.

"எல்லாம் என் நேரம். சும்மா இருங்க."

மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு நடுவே, பதினோரு வருஷமாக வலைப்பூ எழுதுகிறவள் அவள். செல்போன் நம்மை எப்படி வேவு பார்க்கிறது, தெருக் கேமராவில் விழுந்த முகம் எங்கே போகிறது என்று நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். கடைசியாக, 'தலைவலி மாத்திரைக்கு எதுக்கு என் போன் நம்பர்?' என்று, பல கிளைகள் உள்ள ஒரு பெரிய மருந்துக்கடையை ஒரு பிடி பிடித்தாள்.

அவர்கள் புகார் கொடுத்தார்கள். வலைப்பூவுக்கு இடம் கொடுத்த நிறுவனம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் மொத்தத்தையும் அழித்துவிட்டது.

"பேக்கப் எடுத்து வெச்சிருக்கியா?" என்று அன்றைக்கே கேட்டான் கணவன்.

'எல்லாரும் பேக்கப் எடுங்கள்' என்று மூன்று பதிவு எழுதியவள், தான் மட்டும் எடுத்து வைக்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள்தான் திருடன் ஞாபகம் வந்தான். அவள் பதிவு போட்ட அரை மணியில் அதை அப்படியே சுட்டுத் தன் தளத்தில் போடுகிற ஆள். அவள் பேரைப் போட மாட்டான். எத்தனை திட்டினாலும் பதிலும் வராது. அவனைக் கிழித்தே தனியாக ஒரு பதிவு எழுதியிருக்கிறாள்.

தன் போன் நம்பரையும் போட்டு மெயிலை அனுப்பிய பத்தாவது நிமிஷம் போன் அடித்தது.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் பேசறேங்க. உங்களுக்கு நான் திருடன். எல்லாம் பத்திரமா இருக்கு, மொத்தமா அனுப்பிட்டேன். பாருங்க."

பார்த்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. அவரைக் கிழித்த பதிவும் ஒரு வசவு மாறாமல் இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என் பேரைப் போட்டிருந்தா நான் ஏன் சார் திட்டப்போறேன்?"

"உங்க பேரைத் தேடி வர்றவங்க இதையும் அழிச்சிருப்பாங்களே. என் பேரையும் எங்கேயும் போட்டுக்கலைங்க."

"அதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, நன்றின்னு ஒரு பதிவு போட்டுடுவீங்க. நீங்க திட்டற வரைக்கும் நான் திருடன். நன்றி சொன்னா கூட்டாளி. என் தளத்தையும் சேர்த்து மூடியிருப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்டிப்பாகப் போட்டிருப்பாள்தான்.

"ஆனா, இப்படி எடுத்து வைக்கணும்னு உங்களுக்கு எப்படி சார் தோணுச்சு?"



"நானும் ஒன்பது வருஷம் எழுதினவன்தாங்க. ஒரே நாள்ல அழிச்சுட்டாங்க. என்னோடதை யாருமே திருடி வெச்சிருக்கலை."