ஒரே மலை, இரண்டு பேர்

செவ்வாயைச் சுற்றும் கலம் ஒரே மலையை இரண்டு கோணத்தில் படமெடுத்து அனுப்பும். இடது படம் ஒருவர் மூளைக்கு, வலது படம் இன்னொருவர் மூளைக்கு. இரண்டு மனமும் ஒத்துப்போனால்தான் மலை எழும்பி நிற்கும். இல்லாவிட்டால் தோசை மாதிரி தட்டைதான்.

ஆறு வருடமாக வாகினிக்கு ஜோடி, அவள் கணவன் இன்பசேகர். போன மாதம் வரிசையாகப் பதினோரு மலைகள் தட்டையாகவே தெரிந்ததும், அலுவலகம் அவனை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்துவிட்டு, அவன் இடத்தில் தேவநேசனை உட்காரவைத்தது. முதல் நாளே மலை ஜம்மென்று எழும்பியது. இன்பசேகருக்கு வயிறு எரிந்தது.

இன்று காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் வேலைக்குக் கொண்டுபோகும் மடிக்கணினியில் படங்களை இடம் வலமாக மாற்றிவைத்தான். மாற்றினால் மலையெல்லாம் பள்ளமாகத் தெரியும். தப்பான ரிப்போர்ட் போகும். ஜோடி உடையும்.

மாலையில் வாகினி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"படத்தை மாத்தினது நீங்கதானே? என் பாஸ்வேர்ட் வேற யாருக்குத் தெரியும்?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"மலை பள்ளமாச்சு. 'இடம் வலம் மாறியிருக்கு'ன்னு ரெண்டு பேரும் ஒரே நொடியில சொன்னோம். சிரிப்பு தாங்கலை. அப்புறம்தான் எனக்குக் கோபமே வந்துச்சு."

"மேலிடத்துல சொல்லிட்டியா? என் வேலை போயிடும் வாகினி!"

"சொல்லத்தான் கிளம்பினேன். தேவநேசன்தான் தடுத்தார். 'பாவங்க, உங்க மேல உயிரையே வெச்சிருக்கார்'னார். அவர் சொன்னதுக்கப்புறம்தான் எனக்கே அது தெரிஞ்சுது."

வேலை தப்பியது. ஆனால் தன் பிரியத்தைக்கூட அவளுக்கு எடுத்துக்காட்ட அந்த ஆள் தேவைப்பட்டிருக்கிறான் என்பதை இன்பசேகரால் விழுங்கவே முடியவில்லை.