ஒரு மாதம் ஓடினால் போதும்

“மனசை விடாத பாண்டி. மெஷின்தானே, சாகத்தான் செய்யும்” என்றார் முதலாளி வெங்கடரமணன். தன் கையாலேயே காபியை ஆற்றி அழகுபாண்டியிடம் நீட்டினார்.

பாண்டி பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் சர்வரின் ஹார்ட் டிஸ்க் மறுபடியும் போயிருந்தது. வில்லாபுரத்துச் சேலை மொத்த வியாபாரம் அவருடையது. கணக்கு, ஸ்டாக் எல்லாம் அதில்தான். வேறு முதலாளியாக இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். இவர் திட்டியதே இல்லை. பாண்டி தினமும் சிடியில் பேக்கப் எடுத்து வைத்துவிடுவான் என்ற தைரியம்.

பாண்டி காபியை வாங்கி மேசையில் வைத்தான். பெங்களூரில் நல்ல வேலை கிடைத்து ஆர்டரும் வந்துவிட்டது. ஆனால் அவனுடைய ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியின் பீரோவுக்குள் போய்விட்டன. அவை இல்லாமல் அங்கே சேர்க்க மாட்டார்கள்.

“போ, வேணாங்கல. சர்வர் ஒரு மாசம் மக்கர் பண்ணாம ஓடட்டும். சர்டிபிகேட்டைக் கையில குடுத்து நானே பஸ் ஏத்தி விடுறேன்” என்று சொல்லியிருந்தார்.

நியாயமான பேச்சுதான். அந்த ஒரு மாதம்தான் வந்து தொலைய மாட்டேன் என்கிறது. பெங்களூர்க்காரர்கள் இரண்டு முறை தேதியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதக் கடைசிக்கு மேல் முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

எந்த டிஸ்க் சூடாகாது, எது அடிக்கடி ரிப்பேருக்கு வருகிறது என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கண் எரியப் படிப்பான். அப்படித் தேடிய மாடலைச் சொன்னால், முதலாளி தானே ஸ்கூட்டரில் போய் வாங்கி வருவார். கவர் மட்டும் கிழிந்திருக்கும். “பாக்காம வாங்கலாமா? கடையிலயே பிரிச்சுப் பாத்துட்டேன்” என்பார். செத்துப்போன டிஸ்க்கையும், வாரண்டி விஷயத்தை நான் பேசிக்கொள்கிறேன் என்று அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இந்தத் தடவையும், “ரெண்டு நாள் பொறு, வாங்கித் தாரேன்” என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார்.

பாண்டியால் பொறுக்க முடியவில்லை. பஸ் பிடித்து டவுன்ஹால் ரோட்டுக்குப் போய், முதலாளி வழக்கமாக வாங்கும் கடையில் ஏறினான்.

“அண்ணே, சர்வருக்கு டிஸ்க் வேணும். ராப்பகலா ஓடினாலும் படுத்துறக் கூடாது.”

கடைக்காரர் வெள்ளைத்துரை கண்ணாடி அலமாரியைத் திறந்து, சீல் பிரிக்காத ஒன்றை எடுத்து வைத்தார். “இதைப் போட்டுட்டு மறந்துருங்க தம்பி. இந்த மாடல்ல நான் புதுசா வித்தது ஒண்ணுகூடத் திரும்பி வரல.”

போன தடவை செத்ததும் இதே மாடல்தான், எங்களுடையதை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று பாண்டி நினைத்துக்கொண்டான்.

“பில்லு யாரு பேருக்குத் தம்பி?”

பாண்டி கம்பெனியின் பெயரைச் சொன்னான்.

வெள்ளைத்துரை பேனாவை மூடினார். புது டிஸ்க்கைத் திரும்ப அலமாரிக்குள் வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் கிடந்த பழைய சாமான் பெட்டியை இழுத்துத் துழாவினார்.

“முதல்லயே சொல்லக் கூடாதா தம்பி? ஒரு மாசம் தாங்காததாத்தானே உங்க முதலாளி கேப்பாரு.”